களமும் தீர்ப்பும் – 14: மூன்று அட்டைகள்

2024 ஜூன் 8. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம். கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி.யின் எண்கோணக் கூண்டுக்குள் பதினைந்து நிமிடம் மோதி முடித்த இரண்டு பெண்கள் கள நடுவருக்கு இருபுறமும் நிற்கிறார்கள். ஒருவர் பிரேசில் நாட்டின் ரயான் டோஸ் சான்டோஸ். மற்றவர் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் புதானா என்ற ஊரிலிருந்து வந்த பூஜா தோமர். வூஷூவில் ஐந்து முறை தேசிய சாம்பியன், யு.எஃப்.சி. கூண்டுக்குள் கால்வைத்த முதல் இந்தியப் பெண்.

அறிவிப்பாளர் மூன்று மதிப்பெண் அட்டைகளையும் வாசித்தார். ஓர் அட்டையில் 30–27 என்று பூஜாவுக்கு. இன்னோர் அட்டையில் அதே 30–27, ஆனால் டோஸ் சான்டோஸுக்கு. மூன்றாவது அட்டையில் 29–28 என்று பூஜாவுக்கு. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பூஜாவின் கை உயர்த்தப்பட்டது. இந்தியா கொண்டாடியது, கொண்டாட வேண்டிய வெற்றிதான்.

ஆனால் அந்த எண்களை மறுபடி பாருங்கள். ஆட்டம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பொதுவாக 9. அப்படியானால் 30–27 என்பதற்கு மூன்று சுற்றையும் ஒருவரே வென்றார் என்று பொருள். பூஜா எல்லாச் சுற்றிலும் வென்றார் என்கிறார் ஒரு நடுவர். எல்லாச் சுற்றிலும் தோற்றார் என்கிறார் இன்னொருவர். இருவரும் பயிற்சி பெற்றவர்கள். இருவரும் அதே பதினைந்து நிமிடத்தைத்தான் பார்த்தார்கள்.

சென்ற இதழில் சிலம்பத்தின் தொடுமுறையைப் பார்த்தோம். கம்பின் நுனியில் ஒட்டும் பொடியைத் தடவிக்கொண்டு இறங்குவார்கள். எதிராளியின் உடம்பில் பட்ட இடமெல்லாம் தடம் விழும். ஆட்டம் முடிந்ததும் தடங்களை எண்ணுவார்கள். இரு புருவங்களுக்கு நடுவே நெற்றியில் தொட்டுவிட்டால் எண்ண வேண்டிய தேவையே இல்லை. அதோடு ஆட்டம் முடிந்தது. ஆசான் பார்த்ததைக் களத்தைச் சுற்றி நின்ற ஊரும் பார்த்தது. வெற்றிக்கான சாட்சியம் தோற்றவரின் உடம்பிலேயே இருந்தது. அந்தச் சாட்சியம் உடம்பைவிட்டு நடுவரின் மனதுக்குள் போய் ஒளிந்துகொண்ட வரலாறுதான் இந்த அத்தியாயம்.

நடுவரே இல்லாத காலம்

கலப்புத் தற்காப்புக் கலை என்று நாம் சொல்லும் எம்.எம்.ஏ., பிறந்தபோது மதிப்பெண்ணே இல்லாமல்தான் பிறந்தது. 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்தது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பதைத் தவிரப் பெரிய விதிகள் கிடையாது. ஒருவர் மயங்கி விழ வேண்டும், அல்லது கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது அவர் மூலையிலிருந்து துண்டு வீசப்பட வேண்டும். தோற்றவரே தோல்வியைச் சொல்லும் முறை அது. பிரேசிலின் ராய்ஸ் கிரேசி, தன்னைவிட உடல் பெருத்தவர்களையெல்லாம் பிடியில் சிக்கவைத்து அன்றைய பட்டத்தை வென்றார்.

அந்த எளிமை இரண்டே ஆண்டுகளில் முட்டி நின்றது. 1995 ஏப்ரலில் ஐந்தாவது போட்டியில் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் மோதினார்கள். நேர வரம்பு அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 36 நிமிடம் ஓடியது. யாரும் கை தட்டவில்லை, யாரும் மயங்கவில்லை. சொல்ல நடுவர் குழு இல்லாததால் ஆட்டம் சமன் என்று அறிவித்தார்கள். கட்டணம் கட்டித் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு முடிவு கிடைக்கவில்லை. விரைவிலேயே மதிப்பெண் நடுவர்களைக் கூண்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள்.

அதே காலத்தில் இந்த விளையாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று அமெரிக்க அரசியலில் குரல் வலுத்தது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவற்சண்டை என்றே சாடினார். மாநிலம் மாநிலமாகக் கதவுகள் மூடின. பிழைக்க வேண்டுமானால் அரசின் விளையாட்டு ஆணையங்கள் ஏற்கும் விதிகள் வேண்டும். 2000-இல் நியூஜெர்சி ஆணையம் அப்படிப்பட்ட விதிகளை ஏற்று நடைமுறைப்படுத்தியது. 2001-இல் அவை ஒருங்கிணைந்த விதிகளாக உருப்பெற்றுப் பிற மாநிலங்களுக்கும் பரவின. மதிப்பெண் போடும் முறையைப் புதிதாக யோசிக்க அவகாசமில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் இருந்த பத்துப் புள்ளி முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு அந்தக் கடனே காரணம். குத்துச்சண்டையில் பட்டப் போட்டி 12 சுற்று. ஒரு சுற்றைத் தவறாகக் கணித்தாலும் மீதி 11 சுற்றுகள் அந்தத் தவறை விழுங்கிவிடும். எம்.எம்.ஏ.வில் மூன்றே சுற்று. பட்டப் போட்டி என்றால் ஐந்து. ஒரு சுற்றில் கை தவறினால் தீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு தவறிவிடும். மேலும், குத்துச்சண்டையில் எண்ணுவதற்குக் குத்து ஒன்றுதான். இங்கே குத்து, உதை, முழங்கால் அடி, தூக்கிப் போடுதல், தரையில் கழுத்தை நெரிக்கும் பிடி என்று எல்லாம் ஒரே சுற்றில் வருகின்றன. எதிராளியின் காலை உதைத்து உதைத்து நொண்ட வைத்தவர் மேலா, அவரைக் கீழே தள்ளி இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடித்தவர் மேலா? விதி இதற்கு ஒரு வரிசை சொல்கிறது. முதலில் அடியும் பிடியும் ஏற்படுத்திய பலன். அதில் இருவரும் சமம் என்றால் மட்டுமே முன்னேறித் தாக்கும் வேகம். அதிலும் சமம் என்றால் கூண்டின் நடுவிடத்தைக் கைக்குள் வைத்திருந்தவர் யார் என்பது. வரிசை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் எடை போடுவது மூன்று மனிதர்களின் கண்கள். அவர்கள் கூண்டின் மூன்று வெவ்வேறு பக்கங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீரரின் முதுகைப் பார்த்தவருக்கு முகத்தில் விழுந்த குத்து தெரியாது.

2009 அக்டோபர் 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் லியோட்டோ மச்சிடாவும் மவுரிசியோ ஷோகுன் ருவாவும் மோதிய பட்டப் போட்டி இந்த வரலாற்றில் ஒரு மைல்கல். ஐந்து சுற்றும் ஷோகுன் விடாமல் காலையும் விலாவையும் உதைத்தார். மூன்று நடுவர்களும் 48–47 என்று மச்சிடாவுக்கே கொடுத்தார்கள். அரங்கம் கொதித்தது. காலில் விழும் உதைக்கு என்ன எடை என்ற விவாதம் மாதக்கணக்கில் ஓடியது. அடுத்த ஆண்டு மே மாதம் மாண்ட்ரியாலில் மறுபோட்டி நடந்தது. முதல் சுற்றிலேயே மச்சிடாவை வீழ்த்திவிட்டு, நடுவர்களுக்கு எந்த வேலையும் வைக்காமல் பட்டத்தை எடுத்துக்கொண்டார் ஷோகுன்.

2013 நவம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் ஜார்ஜ் செயின்ட் பியர், ஜானி ஹென்ட்ரிக்ஸைப் பிளவுத் தீர்ப்பில் வென்றார். மூன்று அட்டைகளும் வேறுபட்டது ஒரே ஒரு சுற்றில்தான், முதல் சுற்றில். அந்த ஐந்து நிமிடத்தில் ஓர் உலகப் பட்டம் நின்றது. போட்டியை நடத்திய யு.எஃப்.சி.யின் தலைவர் டானா ஒயிட்டே நெவாடா ஆணையத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இத்தகைய எதிர்ப்புகள் சேர்ந்துதான் 2016-இல் விதியைத் திருத்த வைத்தன. ஒருவர் முழுமையாக ஓங்கிய சுற்றுக்கு 10–8 கொடுக்க நடுவர்கள் தயங்கக் கூடாது. சேதம், ஆதிக்கம், அது நீடித்த நேரம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். 2017 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இயந்திரம் வந்தது, நீதி வந்ததா?

கடன் கொடுத்த குத்துச்சண்டையின் வீடோ, அதன் அமெச்சூர் பிரிவில், அந்தக் கடனுக்கு முன்பிருந்தே பற்றி எரிந்துகொண்டிருந்தது.

1988 சியோல் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் பியன் ஜாங்-இல், பல்கேரியாவின் அலெக்சாண்டர் ஹிரிஸ்டோவிடம் தோற்றார். கள நடுவர் புள்ளிகளைக் குறைத்ததே தோல்விக்குக் காரணம் என்று கொரியப் பயிற்சியாளர்களும் அதிகாரிகளும் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். பியன் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். விளக்குகளை அணைத்த பிறகும் நகரவில்லை. 67 நிமிடம் கழித்தே இறங்கினார்.

அதே ஒலிம்பிக்கின் இறுதி நாளான அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், கொரியாவின் பார்க் சி-ஹுனை எதிர்கொண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணிய கணக்கின்படி ஜோன்ஸ் பதித்த குத்துகள் 86, பார்க் பதித்தவை 32. ஐந்து நடுவர்களில் மூவர் பார்க்குக்கு வாக்களித்தார்கள். தங்கம் பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையோ, தோற்றுப்போன ஜோன்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. லஞ்சம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று 1997-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு விசாரணையை முடித்துக்கொண்டது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒருவர் இருக்கிறார். அவர் பார்க் சி-ஹுன். தீர்ப்பை அவர் எழுதவில்லை. ஆனால் அந்தத் தங்கத்தின் பழியை அவரே சுமந்தார். சொந்த நாட்டிலும் ஏளனத்துக்கு ஆளானார். 2023-இல் அமெரிக்காவுக்குப் பயணம் செய்து, ஜோன்ஸின் ஊரான பென்சகோலாவில் அந்தப் பதக்கத்தை அவர் கையிலேயே கொடுத்தார். தவறான தீர்ப்பு தோற்றவரின் வாழ்க்கையோடு வென்றவரின் வாழ்க்கையையும் கெடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சியோல் அவமானத்துக்குப் பிறகு சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் இயந்திரத்தை நாடியது. ஐந்து நடுவர்களிடமும் சிவப்பு, நீலம் என்று பொத்தான்கள். குத்து சரியாக விழுந்தது என்று பார்த்தவர் அழுத்த வேண்டும். ஒரு நொடிக்குள் மூவர் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. ஒலிம்பிக்கில் இந்த முறை முதலில் வந்தது 1992 பார்சிலோனாவில். நம் சென்னையின் வி. தேவராஜன் பேன்டம் எடைப் பிரிவில் ஆடிய ஒலிம்பிக் அது. இரண்டு ஆண்டு கழித்து பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று தமிழகக் குத்துச்சண்டைக்குப் பெருமை சேர்த்தவர் அவர்.

இயந்திரம் வந்ததும் விளையாட்டின் முகமே மாறியது. விலாவில் விழும் குத்து நடுவர் கண்ணுக்கு எளிதில் படாது. ஆகவே அது புள்ளியாக மாறவில்லை. மின்னல் வேகத்தில் அடுக்கடுக்காக விழும் குத்துகளை மூன்று விரல்கள் ஒரே நொடியில் தொடர முடியவில்லை. புள்ளிக்காகத் தொட்டுவிட்டு விலகி ஓடும் ஆட்டம் வளர்ந்தது. பொத்தானை அழுத்துவது மனித விரல் என்பதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் சதோஷி ஷிமிசு, கடைசிச் சுற்றில் அசர்பைஜானின் மகோமெட் அப்துல்ஹமிதோவை மீண்டும் மீண்டும் தரையில் வீழ்த்தினார். தீர்ப்போ 22–17 என்று அப்துல்ஹமிதோவுக்குப் போனது. ஜப்பான் முறையிட்டது, தீர்ப்பு மாற்றப்பட்டது, கள நடுவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதே ஒலிம்பிக்கில் நம் விகாஸ் கிருஷ்ணன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13–11 என்று வென்றதாக அறிவிப்பு வந்தது. அமெரிக்கா முறையிட்டது. விகாஸ் மூன்றாம் சுற்றில் ஒன்பது முறை எதிராளியைக் கட்டிப்பிடித்தார், பல் கவசத்தை வேண்டுமென்றே துப்பினார், இவற்றுக்குக் கள நடுவர் தண்டனைப் புள்ளி கொடுக்கத் தவறிவிட்டார் என்று கூறி ஸ்பென்ஸை வென்றவராக்கினார்கள். சுமித் சங்வான் பிரேசிலின் யமகுச்சி பால்கோவிடம் 14–15 என்று தோற்றதை எதிர்த்து இந்தியா முறையிட்டபோது, அது தள்ளுபடியானது. மூன்று முறையீடுகளில் இரண்டு ஏற்கப்பட்டன, ஒன்று ஏற்கப்படவில்லை. எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்பதற்கான அளவுகோல் வீரர்களுக்குப் புரியும்படி எங்கும் வைக்கப்படவில்லை.

இஞ்சியோன், 2014

2013-இல் பொத்தானைக் கைவிட்டு அமெச்சூர் குத்துச்சண்டையும் பத்துப் புள்ளி முறைக்கு வந்தது. அந்த முறையின் கீழ் நடந்ததுதான் இந்தியா மறக்க முடியாத சரிதா தேவியின் ஆட்டம்.

மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவி, 2006-இல் உலக சாம்பியன். குழந்தை பெற்ற பிறகு மீண்டும் மேடையேறி, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றவர். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியப் போட்டியின் 60 கிலோ அரையிறுதியில் உள்ளூர் வீராங்கனை பார்க் ஜி-னாவைச் சந்தித்தார். நான்கு சுற்று. பார்த்தவர்களில் பெரும்பாலோர் சரிதா தெளிவாக முன்னிலையில் இருந்ததாகவே எழுதினார்கள். மூன்று நடுவர்களும் 39–37 என்று பார்க்குக்குக் கொடுத்தார்கள். நான்கில் மூன்று சுற்றை பார்க் வென்றார் என்பது அந்த எண்ணின் பொருள்.

முறையிட 500 டாலர் கட்ட வேண்டும். சரிதாவின் கணவர் தொய்பா சிங்கும் அவருடைய பயிற்சியாளரும் அங்கேயே கடன் வாங்கிப் பணத்தைக் கட்டினார்கள். கிடைத்த பதில் ஒரு வரிதான்: நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை. லண்டனில் இரண்டு தீர்ப்புகளை மாற்றிய அதே அமைப்பு, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தது. அதே போட்டிகளில் மங்கோலிய அணியும் கொரிய வீரருக்குச் சாதகமான ஒரு தீர்ப்பை எதிர்த்துப் போராடியது; அதற்கும் பயன் கிடைக்கவில்லை.

மறுநாள், அக்டோபர் 1. அன்றுதான் மேரி கோம் 51 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 60 கிலோ பரிசளிப்பில் சரிதா அழுதபடியே மேடையில் நின்றார். வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்க மறுத்துக் கையில் வாங்கினார். வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற பார்க் ஜி-னாவின் கழுத்தில் அதைப் போட்டுவிட்டார். பார்க் திகைத்துப்போனார். அவரும் தீர்ப்பை எழுதியவர் இல்லையே!

நடவடிக்கை பாய்ந்தது சரிதாவின் மேல்தான். மன்னிப்புக் கேட்ட பிறகும் ஓராண்டுத் தடை, 1,000 சுவிஸ் பிராங்க் அபராதம். கியூபாவிலிருந்து வந்து இந்திய அணியை வளர்த்த பயிற்சியாளர் பி.ஐ. பெர்னாண்டஸுக்கு இரண்டாண்டுத் தடை. சச்சின் டெண்டுல்கர் மத்திய விளையாட்டு அமைச்சர் சர்பானந்த சோனோவாலைச் சந்தித்து சரிதாவுக்காகப் பேசினார். நாடே அவர் பக்கம் நின்றது. ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை: அந்த மூன்று சுற்றுகளை பார்க்குக்கு எதற்காகக் கொடுத்தீர்கள்? கண்ணீரை ஒழுங்கீனம் என்று எழுதிய அதிகாரிகள், மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று விதி கேட்கவும் இல்லை.

சரிதாவின் செயலை விளையாட்டு நெறிக்கு மாறானது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். பதக்க மேடை முறையிடும் இடம் இல்லை என்பது உண்மை. ஆனால் முறையிடும் இடம் எதுவும் மிச்சம் வைக்கப்படாதபோது, ஒரு வீராங்கனைக்கு மேடை மட்டும்தான் இருந்தது. குற்றம் அங்கே தொடங்கவில்லை.

திரை விலகியது

2016 ரியோவில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லன், ரஷ்யாவின் விளாடிமிர் நிகிடினிடம் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. வென்ற நிகிடினால் காயங்கள் காரணமாக அடுத்த ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. கஜகஸ்தானின் வாசிலி லெவிட் இறுதிப் போட்டியில் தோற்றதாக அறிவித்தபோது அரங்கம் கூச்சலிட்டது. போட்டி முடிந்த சில வாரங்களில், ரியோவில் பணியாற்றிய 36 நடுவர்களும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவைக்கப்பட்டார்கள்.

கனடாவின் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2021 செப்டம்பர் 30 அன்று வெளியானது. ரியோவில் முடிவுகளைத் திரிக்கும் ஏற்பாடு இருந்தது. சொன்னபடி செய்யக்கூடியவர்களும், எதிர்க்கத் திராணியற்றவர்களும் முக்கிய ஆட்டங்களுக்கு நடுவர்களாகத் தேர்ந்து அமர்த்தப்பட்டார்கள். இது ரியோவில் திடீரென முளைத்ததும் அன்று என்று அறிக்கை சொன்னது. இத்தனை ஆண்டும் தோற்ற வீரர்கள் சொன்னதையெல்லாம் ஆற்றாமைப் புலம்பல் என்று தள்ளியவர்கள் இந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. ஒலிம்பிக் வரலாற்றில் ஒரு விளையாட்டின் உலக அமைப்புக்கு இது பெருந்தண்டனை.

இதற்கிடையே, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்களின் மதிப்பெண்ணைக் காட்டத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம். அப்போதும் ஒரு குறை நின்றது. 2021 ஜூலை 29 அன்று மேரி கோம், கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவைச் சந்தித்தார். முதல் சுற்றில் ஐந்து நடுவர்களில் நால்வர் வலென்சியாவுக்கு. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் மூவர் மேரி கோமுக்கு. மூன்றில் இரண்டு சுற்றை வென்ற மேரி கோம், ஆட்டத்தை 2–3 என்று இழந்தார். ஒவ்வொரு நடுவரின் மொத்தத்தைத் தனித்தனியே கூட்டுவதால் வரும் விளைவு இது. ஆறு முறை உலக சாம்பியனான அவரே, தான் வென்றதாக நினைத்துத்தான் மேடையிலிருந்து இறங்கினார். எண்ணைக் காட்டுவது முதல் படி. அந்த எண் எப்படி வந்தது என்று சொல்வது இரண்டாவது படி. அந்த இரண்டாவது படியை இன்னும் யாரும் எடுத்துவைக்கவில்லை. 2024 பாரிஸில் நிஷாந்த் தேவ் காலிறுதியின் முதல் சுற்றில் முன்னிலை பெற்றும், மெக்சிகோவின் மார்கோ வெர்டேவிடம் 1–4 என்று வீழ்ந்தபோது எழுந்ததும் அதே கேள்விதான்.

வேறு வழிகள்

எம்.எம்.ஏ. உலகம் சில மாற்று வழிகளை முயன்றிருக்கிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, எம்.எம்.ஏ. ஆட்டங்களைச் சுற்றுச் சுற்றாகப் பிரிப்பதில்லை. முழு ஆட்டத்தையும் ஒன்றாக எடைபோடுகிறது. எதிராளியைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டுபோனவர் யார் என்பதே முதல் கேள்வி. கோலாலம்பூர் தமிழரான அகிலன் தாணி வளர்ந்தது இந்தக் களத்தில்தான். 2017 மே மாதம் பென் அஸ்க்ரெனிடம் உலகப் பட்டத்துக்கு மோதித் தோற்ற அவர், 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் மூத்த வீரர் யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். கடைசி நிமிடங்களில் ஓங்கியவருக்கு நியாயம் கிடைக்கும் என்பது இந்த முறையின் பலம். எண்ணே இல்லாததால் எங்கே பிசகியது என்று பின்னால் ஆராய முடியாது என்பது பலவீனம்.

இன்னொரு வழி திறந்த மதிப்பெண். 2020 மார்ச்சில் கன்சாஸில் பெண்களுக்கான இன்விக்டா அமைப்பு இதை நடத்திக் காட்டியது. சுற்று முடிந்ததும் மூன்று அட்டைகளும் வெளியே வரும். வீரர், பயிற்சியாளர், பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். முன்னிலையில் இருப்பவர் கடைசிச் சுற்றில் ஓடி ஒளிவார் என்று சிலர் எதிர்க்கிறார்கள். கிரிக்கெட்டில் இலக்கு பலகையில் தெரிகிறது என்பதற்காக யாரும் ஆட்டத்தை மறைத்து நடத்துவதில்லை. பின்தங்கியவர் தான் பின்தங்கியதை அறிந்து முழு மூச்சாக எழ ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த வாய்ப்புதான் விளையாட்டு.

நம் மைதானங்களுக்கு என்ன பாடம்?

மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூருக்கும், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த அரியலூருக்கும், லூயிவில் கூண்டோடும் இஞ்சியோன் மேடையோடும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவில் நடக்கும்போது சிலம்பமும் அவற்றில் ஒன்று. அங்கே வெல்பவர் மாநிலப் போட்டிக்குப் போகிறார். மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2022-இல் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஒரு விவசாயக் கூலியின் மகள் கம்பு சுழற்றக் கற்கும்போது, அவள் கையில் இருப்பது ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை. கம்பு வீச்சு போன்ற தனித்திறன் பிரிவுகளில் உடம்பில் பதியும் தடம் எதுவும் கிடையாது. காலடி, சுழற்சி, வேகம், நளினம் எல்லாவற்றையும் நடுவரின் கண் மட்டுமே அளக்கிறது. அங்கே அரைப் புள்ளி தவறினால் ஒரு வேலை தவறலாம்.

முப்பத்தைந்து ஆண்டு உலக வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. எண்களின் முறையை எத்தனை முறை மாற்றினாலும், பொத்தானைக் கொண்டுவந்தாலும், நடுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும், தீர்ப்பு மூடிய அறைக்குள் இருக்கும்வரை அநீதிக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். லூயிவிலில் மூன்று அட்டைகளும் பெயரோடு வெளியே வந்ததால்தான் அவற்றின் முரண்பாட்டை இன்று நாம் பேச முடிகிறது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் முறை நம்முடைய பல மைதானங்களைவிட மேலானது.

ஆகவே நம் மாவட்டப் போட்டிகளுக்கு நான்கு விதிகள் வேண்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணும் அவர் பெயரோடு பலகையில் எழுதப்பட வேண்டும். தன்னிடம் பயின்ற மாணவர் ஆடும் பிரிவுக்கு எந்த ஆசானும் நடுவராக உட்காரக் கூடாது. இரண்டு நடுவர்களின் மதிப்பெண்கள் வெகுவாக வேறுபட்டால், ஏன் என்று இருவரும் அங்கேயே இரண்டு வரி எழுதித் தர வேண்டும். தோற்றவர் பணம் கட்டாமல், அன்றே, எழுத்தில் முறையிடவும், எழுத்தில் பதில் பெறவும் உரிமை வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு கரும்பலகையும் கொஞ்சம் காகிதமும் போதும்.

நடுவரைச் சந்தேகிக்கவா இதெல்லாம் என்று மூத்த ஆசான்கள் வருந்த வேண்டாம். நேர்மையான நடுவருக்கு இதுதான் கவசம். கொடி பிடித்து வரும் கூட்டத்தின் முன்னால், தான் எழுதிய எண்ணையும் அதற்கான காரணத்தையும் எடுத்துக் காட்ட முடிந்த நடுவரை யாராலும் அசைக்க முடியாது. வென்ற பிள்ளைக்கும் அது கவசம். பார்க் சி-ஹுன் 35 ஆண்டு சுமந்த பழியை நம் பிள்ளைகளில் ஒருவரும் சுமக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் வட சென்னைக்குப் போவோம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய குத்துச்சண்டை மேடைகளில், ஊரே இரண்டாகப் பிரிந்து நின்ற காலத்தில், நடுவராக நிற்பதற்கு என்ன துணிவு வேண்டியிருந்தது என்பதைப் பார்ப்போம்.